தண்ணீரைப் படிக்க நினைக்கும் பிள்ளையை எதில் சேர்ப்பது?

ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், அறிவியல் பாடங்களில் நல்ல மதிப்பெண். வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது தண்ணீரைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாளாம். நீர் அறிவியல், நீர்த் தரம் என்றெல்லாம் கல்லூரியில் படிப்பு இருக்கிறதா, நெல்லைப் பக்கமே படிக்கலாமா, படித்தால் வேலை கிடைக்குமா? கேள்வி மூன்று மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெயரிலேயே தண்ணீர் இருக்கிற படிப்பில் சேர்த்தால்தான் தண்ணீர் வேலைக்குப் போக முடியுமா, அப்படி ஒரு படிப்பு ஊரில் இல்லையென்றால் பிள்ளையின் ஆசையை விட்டுவிடச் சொல்ல வேண்டியதுதானா என்பது. அந்தக் கவலைக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடங்களில் வேலை பார்த்தவன். அதனால் நான் சொல்வதில் வேதியியல் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். பொறியியல் படிப்புகளைப் பற்றி நான் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; அதை அந்தத் துறையில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நேரடியான பதில்: பெயரில் தண்ணீர் வேண்டாம். இளங்கலையில் ஏதாவது ஒரு அடிப்படை அறிவியலை உருப்படியாகப் படித்துவிட்டு, முதுகலையிலோ வேலையிலோ தண்ணீருக்கு வருவதுதான் நம் நாட்டில் பெரும்பாலோர் வந்த வழி. தண்ணீர் ஒரு தனி வீடு கிடையாது, நாலைந்து வாசல் உள்ள ஒரு முற்றம். வேதியியல் வாசல் வழியாக வருகிறவர் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பார். நிலவியல், அதாவது ஜியாலஜி படித்து வருகிறவர் அந்தத் தண்ணீர் எந்தப் பாறையைத் தொட்டுவிட்டு வந்தது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். சிவில் படித்தவர் அதைக் குழாயில் எப்படிக் கொண்டுபோவது, கழிவை எப்படிச் சுத்தம் செய்வது என்று பார்ப்பார். நுண்ணுயிரியல் படித்தவர் அதில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்ப்பார். நாலு பேரும் ஒரே பாட்டிலைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளையின் கேள்வி பருப்பு ஏன் வேகவில்லை என்பது. அது சுத்தமான வேதியியல் கேள்வி. பருப்பின் செல் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன, அதனால்தான் மணிக்கணக்கில் கொதித்தாலும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கிறது. ஆனால் அதே பிள்ளை "பக்கத்து ஊர்க் கிணற்றில் நல்ல தண்ணி, நம்ம கிணற்றில் மட்டும் ஏன் இப்படி" என்று கேட்கிற ரகமாக இருந்தால் ஜியாலஜி பக்கம் யோசியுங்கள். எந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறாள் என்று நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

பட்டத்தின் பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பிள்ளைகள் அடிபட்டதைப் பார்த்திருக்கிறேன். அரசு வேலை அறிவிப்புகளில் "வேதியியலில் பட்டம்" என்று போட்டிருந்தால் வேதியியலில்தான் பட்டம் வேண்டும். புதுப் பெயர் வைத்த பட்டமாக இருந்தால், பாடத்தில் முக்கால்வாசி வேதியியலே இருந்தாலும், இது அதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் தேர்வில் தேறிய பிறகுகூடச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோகும். மத்திய அளவில் யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் நிலத்தடி நீரியல் பதவிக்கு ஜியாலஜி வழி வந்தவர்களையும், வேதியியல் பதவிக்கு வேதியியல் வழி வந்தவர்களையும் எடுக்கிறார்கள். பதவியின் பெயர் தண்ணீர், கேட்கும் பட்டம் பழைய பெயர். ஆகவே கவர்ச்சியான பெயரில் ஒரு படிப்பைப் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் இணைத்தன்மை ஆணையின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் வந்துரும்" என்று வாய்வார்த்தை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நெல்லையிலேயே படிக்கலாமா? தாராளமாக. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சும்மாவா சொன்னார்கள் (கொஞ்சம் மிகைதான், ஆனால் எங்களுக்குப் பிடித்த மிகை). தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர் என்று வேதியியல் துறை உள்ள பழைய கல்லூரிகள் இங்கே உண்டு. ஜியாலஜி வேண்டுமென்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி இருக்கிறது. அதற்கு மேலே சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படிக்க வெகுதூரம் போக வேண்டாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. தென்காசி ரயிலில் ஏறினால் ஊரிலேயே இறங்கிக்கொள்ளலாம், மலை கூப்பிடு தூரத்தில். பொறியியல் பக்கம் என்றால் நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டு, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் மேற்படிப்புக்கு முயலலாம். தண்ணீரை மட்டுமே முழுப் பாடமாக எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பயிருக்குப் போகும் தண்ணீரின் மேல் ஆர்வம் என்றால் வல்லநாட்டுக்குப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி. வேளாண்மையில் தண்ணீரை அளக்கும் கோலே வேறு. குடிக்க ஆகுமா என்று பார்ப்பதை விட, இந்தத் தண்ணீரின் சோடியம் மண்ணை இறுக்கிவிடுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கல்லூரியை விட முக்கியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல என் மானத்தைக் கொஞ்சம் வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மேட்டுப்பகுதி ஊர் ஒன்றில் போர் தண்ணீர் எடுத்து வந்தேன். அன்றைக்கு நேரமாகிவிட்டதால் மறுநாள்தான் சோதித்தேன். பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், எட்டுக்கு மேலே வந்தது. கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு, அதே போரில் முந்தைய வருடம் இருந்ததை விட நன்றாகக் குறைந்திருந்தது. பரவாயில்லையே, தண்ணீர் தேறிவிட்டதே என்று சந்தோஷமாக எழுதி மேசையில் வைத்தேன். என் மேலதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏலே, பாட்டிலோட அடியப் பாத்தியா?" என்றார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், அடியில் மெல்லிய வெள்ளைப் படலம், விரலால் தொட்டால் மாவு மாதிரி. நிலத்தடித் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். மேலே வந்ததும் அது மெதுவாகக் காற்றில் போய்விடும். போனால் பி.எச். ஏறும். பி.எச். ஏறினால் கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். நான் அளந்தது ஊர்த் தண்ணீரை இல்லை, ஒரு ராத்திரி பாட்டிலில் கிடந்து மாறிப்போன வேறொரு தண்ணீரை. பி.எச்.சை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஏன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தண்ணீர்த் தரம் என்ற படிப்பில் பாதி இதுதான். எங்கே, எப்போது, எப்படி எடுத்தாய்? குழாயை எத்தனை நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்தாய்? கிருமிச் சோதனைக்கு என்றால் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டிலா, அதில் குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் போட்டிருந்தாயா, ஐஸ் பெட்டியில் வந்ததா? தயோசல்பேட் போடாவிட்டால் வழியிலேயே குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது கிருமி எதுவும் இருக்காது, அறிக்கையில் தண்ணீர் பத்தினியாக நிற்கும். கருவி எவ்வளவு விலையானாலும் பாட்டிலில் வந்த பொய்யை அது திருத்தாது. ஆகவே கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனைப் பிள்ளைகள் தாங்களே நின்று செய்கிறார்களா, ஆசிரியர் செய்து காட்ட இவர்கள் நோட்டில் எழுதுகிறார்களா என்று விசாரியுங்கள். கடினத்தன்மைச் சோதனையில் திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டைக் கண்ணால் பிடிக்க ஐம்பது தடவையாவது கை பழக வேண்டும். ஊதா தெரியும்போதே நிறுத்தினால் குறைவு, நீலம் வந்த பிறகும் விட்டால் அதிகம்.

அப்புறம், படித்தவர் கையில் ஒரு அறிக்கை கிடைத்தால் அதை வைத்தே அது நிஜமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்புகளில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தே ஆக வேண்டும், இயற்கை அதில் கடன் வைக்காது. கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் மறுபக்கம். ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுத்துக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, அல்லது சில எண்களை யாரோ உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள். தனியார் ஆய்வகம் ஒன்று கொடுத்த அறிக்கையை ஒருமுறை இப்படிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் மற்றதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

இதே படிப்பு வீட்டு வாசலிலும் உதவும். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிறவர்கள் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பி முளைத்த ஒரு கருவியை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார். ஒரே நிமிடத்தில் உங்கள் தண்ணீர் துருப்பிடித்த சாக்கடை மாதிரி ஆகிவிடும், அவருடையது தெளிவாகவே நிற்கும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நடந்தது என்னவென்றால், அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். அழுக்கு தண்ணீரில் இருந்ததில்லை, கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, கம்பியும் கரையாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி வைக்கச் சொன்னால் அதுவும் சாக்கடையாகும். உங்கள் மகள் ப்ளஸ் டூவில் மின்னாற்பகுப்பு படித்திருப்பாள், இதை அவளிடமே சொல்லிப் பாருங்கள்.

நெல்லைச் சீமையில் தண்ணீர் படிக்கிறவருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, வெளியூரில் படித்தவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை தாமிரபரணி ஓடுவது ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் பஸ்ஸிலேயே ஆற்றின் வயது முழுவதையும் பார்த்துவிடலாம். மலையில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்வதால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் இங்கே. பாபநாசத்தில் கரடுமுரடான கெட்டிப் பாறைகளின் மேல் ஓடிவரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. சோப்பு போட்டால் நுரை அடங்க நேரமாகும். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அந்தக் கால்வாய்கள் நிரப்பும் குளங்கள், வயலுக்குப் போய்விட்டுத் திரும்ப ஆற்றுக்கே வடியும் தண்ணீர், சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு, இடையில் நகரத்தின் சாக்கடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் எடுத்தால் ஒரு பருவத்துக்குரிய பாடம் அதிலேயே இருக்கிறது. ஆற்றை விட்டுக் கொஞ்சம் விலகினால் தாழையூத்தில் சுண்ணாம்புப் பாறை. 1949-இல் அங்கே சிமெண்ட் ஆலை வந்ததே அதற்காகத்தான். தெற்கே போனால் உங்கள் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேடு, அதற்கப்பால் கடற்கரை. கரையோரக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உப்புத்தண்ணீர் உள்ளே ஏறிவரும் கதையைப் படமாக வரைய வேண்டியதில்லை, கயிற்றைப் போட்டு மொண்டே பார்க்கலாம்.

நான் மறக்காத ஒரு காட்சி. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் ஆற்றங்கரையிலேயே இரண்டு கரைசல்களைப் பாட்டிலில் விட வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் காபிப் பொடி நிறத்தில் ஒரு வீழ்படிவு திரண்டு இறங்கும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். காலையில் பாபநாசத்தில் எடுத்த பாட்டில் அடர்ந்த பழுப்பு. மத்தியானம் நகருக்குள் சாக்கடை கலக்கும் ஒரு இடத்தில் எடுத்தது கஞ்சி மாதிரி வெளுத்து நின்றது. கூட வந்த பயிற்சிப் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. நம் ஊர் வெயிலில், முப்பது டிகிரியில், தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அதையும் சாக்கடை தின்றுவிட்டால் மீனுக்கு மிச்சம் என்ன?

இந்தத் துறைக்கு வருகிற பிள்ளை முதலில் பழக வேண்டியது, உறுதியாகத் தெரிந்ததையும் ஊர் சொல்வதையும் தனித்தனியாக வைப்பது. உதாரணத்துக்கு, தாமிரபரணியின் மேல்பகுதித் தண்ணீர் மென்மையானது என்பது அளந்து சொல்லக்கூடியது. அல்வாவின் ருசியே அந்தத் தண்ணீரால்தான் என்பது? எனக்கும் நம்ப ஆசைதான். ஆனால் அதே மாவு, அதே நெய், அதே மாஸ்டர், தண்ணீரை மட்டும் மாற்றிக் கிண்டி, கண்ணைக் கட்டிச் சுவைத்துப் பார்க்கும் வரை அது ஊர்ப் பெருமைதான், முடிவு கிடையாது. பெயரில் தாமிரம் இருப்பதால் ஆற்றில் தாமிரம் கரைந்திருக்கிறது, அதனால் மருத்துவ குணம் என்பார்கள். அதற்கு நான் ஆதாரம் எதையும் பார்த்ததில்லை. உங்கள் பக்கத்தில் அதிகம் சொல்வது, கடினத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்பது. கெண்டியில் படிகிற வெள்ளைக் கல்லைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணத்தைக் காட்டி உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கவில்லை. கல் வருவதற்குத் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் வெயிலில் வேலை செய்வதும்தான் அதிகம் பேசப்படும் காரணங்கள். ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிக்கிறவருக்குக் கடினத் தண்ணீர் சுற்றுவழியில் கெடுதல் செய்யலாம், அது வேறு கதை. இதற்கு நேர்மாறாக, நாக்குக்குத் தெரியாத நைட்ரேட்டில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இல் பல பொருள்களுக்கு இரண்டு எண் இருக்கும், ஒன்று ஏற்கத்தக்கது, இன்னொன்று வேறு தண்ணீர் கிடைக்காதபோது பொறுத்துக்கொள்வது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கடினத்தன்மைக்கு 200, 600. கரைந்த உப்புக்கு 500, 2000. நைட்ரேட்டுக்கோ ஒரே எண், 45, அதற்கு மேல் தளர்வு கிடையாது, கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் செய்துவிடும் என்பதால். மாட்டுத் தொழுவத்தையும் செப்டிக் டேங்க்கையும் ஒட்டிக் கிணறு இருந்தால் தெளிவாக, குளிர்ச்சியாக, ருசியாக இருக்கும் தண்ணீரில்கூட அது இருக்கலாம்.

கிருமிப் பக்கம் எனக்கு இரண்டாவது மொழி மாதிரி, பேசுவேன் ஆனால் இலக்கணம் தடுமாறும். இருந்தாலும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு வந்ததில் எத்தனையோ கிணறுகள் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கும், உப்பும் முன்பை விடக் குறைந்தே இருக்கும், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவை விட்டால் அருமையான எண் காட்டும். ஆனால் அந்தப் பேனா அளப்பது மின்கடத்தலை மட்டும்தான், ஒரு கோடி கிருமி இருந்தாலும் அதற்குத் தெரியாது. அப்போது வேண்டியது பிளீச்சிங் பவுடரும் அதைச் சரியாகப் போடத் தெரிந்த கையும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். சாக்கைத் திறந்து மூலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் சுண்ணாம்புதான் மிஞ்சும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கணக்கு, எத்தனை கிலோ கொட்டினோம் என்பது இல்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சர்க்கரை தடவாமல் சொல்கிறேன். குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மத்திய நீர்வள ஆணையம், நிலத்தடி நீர் வாரியம் எல்லாவற்றிலும் ஆய்வகங்கள் உண்டு. ஆனால் நிரந்தரப் பணியிட அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை, ஒப்பந்த வேலைகள்தான் அதிகம். 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு கிராமத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை கூடியது உண்மை. தனியார் ஆய்வகங்களில் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் சுமார்தான், இரண்டு வருடம் கற்றுக்கொள்ளும் இடமாக நினைத்துப் போகலாம், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று கொடுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துச் சேருவது நல்லது, ஒழுங்காகப் பதிவேடு எழுதும் பழக்கம் வந்துவிடும். பெரும்பாலோர் யோசிக்காத இடங்கள் சில உண்டு. அனல் மின் நிலையத்தில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு துளிகூட இருக்கக்கூடாது, அதைக் காவல் காக்க ராத்திரி பகலாக வேதியியல் ஆள் வேண்டும். தூத்துக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் நடக்கும் மருத்துவமனைகளில் தண்ணீர்த் தரம் நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. சிப்காட்டுகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த ஆள் தேடுகிறார்கள். பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அது மனதில் இருக்கும் என்று தெரியும். நான் வேலை பார்த்த ஆய்வகங்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். களத்துக்குப் போய் மாதிரி எடுப்பதிலும் அவர்கள் சளைத்ததில்லை, கிராமத்தில் எந்த வீட்டுக்குள்ளும் போய், "யக்கா, எந்தக் கொடம் குடிக்கிற தண்ணி?" என்று அவர்களால் கேட்க முடியும், என்னால் முடியாது.

கல்லூரி மூன்று வருடத்தில் கூடவே செய்யக் கூடியது: புள்ளியியல் கொஞ்சம், எக்செல் நன்றாக, வரைபடம் போட இலவசமாகக் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மேற்படிப்புக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினால் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு என்றே தனித் தாள் இருக்கிறது. இவ்வளவு போதும், முதல் வருடமே எல்லாவற்றையும் தலையில் ஏற்ற வேண்டாம்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறதென்றால் பிள்ளையிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரே அளவு பருப்பு மூன்று பங்கு, ஒரே மாதிரிப் பாத்திரம் மூன்று, ஒரே அளவு தீ. முதலாவதில் வீட்டு போர் தண்ணீர். இரண்டாவதில் அதே போர் தண்ணீரைக் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, அடியில் வெள்ளை படிந்த பிறகு கலக்காமல் மேலே இறுத்தது. மூன்றாவதில் மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ. எது எத்தனை நிமிடத்தில் வெந்தது என்று கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதட்டும், தேதி போட்டு. இரண்டாவது நன்றாக வெந்தால் உங்கள் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் பைகார்பனேட் கடினத்தன்மை, கொதித்தால் போய்விடும் ரகம். முதலாவது மாதிரியே கல்லாக நின்றால் கால்சியமும் மெக்னீசியமும் குளோரைடாகவோ சல்பேட்டாகவோ இருக்கின்றன, கொதிக்க வைத்துப் பயனில்லை. அதையே ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. எண்களை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தண்ணீரை மூடி வைத்த பாட்டிலில் இரண்டு நாள் கழித்து எடுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அந்தத் தப்பை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.